வடை சுட்ட எண்ணெய்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

போன மாதம் புகைமூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையின் கடைசியில், ‘பசுமை எரிபொருள் என்று சொல்லிக்கொள்வது’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது எனக்கு உறுத்தியது.

என் அப்பா சிங்கப்பூரில் தேக்காவில் வடை, பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார். 22 வருடமாகிறது. மாதம் இரண்டு டின் பழைய எண்ணெய் சேரும். முன்பெல்லாம் அதை எடுத்துப்போக ஆள் தேட வேண்டும். இப்போது வண்டி வந்து, பணமும் கொடுத்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். “நம்ம எண்ணெயிலதான் இப்ப பிளேன் பறக்குது” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லாத நாளில்லை. சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்பும் பயணிகளுக்கு, இந்தப் பசுமை எரிபொருள் வாங்குவதற்கென்றே ஒரு கட்டணம் அறிவித்தார்கள். சென்னைக்குச் சாதாரண வகுப்பில் 2.80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தரலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. குப்பைக்குப் போகிறது எரிபொருளானால் என்ன குறை? நீங்களும் வருடம் ஒருமுறை சென்னை போய் வருகிறவர்தானே? எதைச் செய்தாலும் நொட்டை சொல்வது எழுத்தாளர்களின் வழக்கம் என்கிறார் என் மனைவி.

இன்னொன்று. இரண்டு வாரமாக வேறொருவர் வந்து கேட்கிறார். டின்னுக்கு இரண்டு வெள்ளி கூடத் தருகிறாராம், ஆனால் ரசீது கிடையாது. அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார். கொடுக்கலாமா?

எஸ்., ஈசூன்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சொன்னதில் பாதி உண்மை. அந்த வரியை நான் சோம்பலில் எழுதினேன். ஒன்றைச் சொல்ல வந்தால் முழுதாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். இப்போது முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அப்பாவின் கணக்கு. ஒரு டின் 17 கிலோ. மாதம் இரண்டு டின் என்றால் வருடத்துக்கு 400 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் சிறிய ரக விமானம் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 டன் எரிபொருள் குடிக்கும். ஆலையில் ஆகும் சேதாரத்தை விட்டுவிட்டால்கூட, ஒரு விமானம் ஒரு வழி போய்ச் சேர உங்கள் அப்பா 25 வருடம் வடை சுட வேண்டும். இதுவரை சுட்டது 22. கேலிக்காகச் சொல்லவில்லை. 2024-இல் உலகம் முழுக்க விமானங்கள் எரித்ததில் இந்த வகைப் பசுமை எரிபொருள் 0.3 விழுக்காடுதான். சிங்கப்பூர் 2026-க்கு வைத்த இலக்கு 1 விழுக்காடு, 2030-க்குள் 3 முதல் 5 வரை. துவாஸில் பின்லாந்து நாட்டு நெஸ்டே நிறுவனத்தின் ஆலையை 2023-இல் இரண்டு மடங்காக்கினார்கள். வருடத்துக்கு 26 லட்சம் டன் பசுமை எரிபொருள் செய்யும், அதில் 10 லட்சம் டன் வரை விமானத்துக்கு. அவ்வளவு பெரிய வாய்க்கு எண்ணெய் எங்கிருந்து வரும்? தேக்காவிலிருந்து மட்டும் வராது.

இங்கேதான் ‘கழிவு’ என்கிற சொல் வருகிறது. உங்கள் கடைக்கு வரும் புது டின்னின் பக்கவாட்டில் பாருங்கள். பெரும்பாலும் செம்பனை எண்ணெயாகத்தான் இருக்கும். புதிதாக இருக்கும்வரை அதன் தலையில் ஏகப்பட்ட பழி: காட்டை அழித்தது, கரிமண்ணை எரித்தது, 2015 செப்டம்பரில் புகைமூட்டத்தால் நம் பிள்ளைகளின் பள்ளிகளை ஒருநாள் மூட வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் புது எண்ணெயை எரிபொருள் கணக்கிலிருந்து 2030-க்குள் கழித்துக்கட்டப் போகிறது. அதே எண்ணெய் உங்கள் அப்பாவின் சட்டியில் நாலு நாள் கொதித்து, கறுத்து, நுரை தள்ளி வெளியே வந்தால் கங்கையில் முழுகிய மாதிரி. பழைய பாவமெல்லாம் போச்சு. கரியமிலக் கணக்கு அதைச் சேகரிக்கும் இடத்திலிருந்துதான் தொடங்கும். தோட்டமும் காடும் கணக்கிலேயே வராது. ஐரோப்பாவில் ஒரு படி மேலே போய், இலக்கை எட்டும் கணக்கில் அதை இரண்டு மடங்காகவே எழுதிக்கொள்ள விட்டார்கள்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய எண்ணெய்க்காக யாரும் வடை சுடுவதில்லை. வடைக்காகத்தான் சுடுகிறார்கள், எண்ணெய் மிச்சம். ஆனால் இந்த நியாயம் பழைய எண்ணெய் மலிவாக இருக்கும்வரைதான் நிற்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் மானிய எண்ணெய் ஒரு கிலோ பொட்டலம் 2.50 ரிங்கிட். பழைய எண்ணெய்க்கு அதைவிடக் கூடுதல் விலை கிடைத்தால் என்ன நடக்கும்? அதை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. புதியதும் பழையதும் கலந்த பிறகு பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. கடைசியில் எல்லோரும் நம்புவது காகிதத்தைத்தான். இந்தோனேசியா 2025 ஜனவரியில் பழைய எண்ணெய் ஏற்றுமதிக்கும் செம்பனை ஆலைக் கழிவு எண்ணெய் ஏற்றுமதிக்கும் கடிவாளம் போட்டது. நல்ல எண்ணெயைவிடக் கழிவென்று சொல்லப்பட்டது அதிகமாகக் கப்பலேறியது என்று அவர்களுடைய வணிக அமைச்சே சொன்னது. இலையைவிட எச்சில் அதிகமாக இருந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்!

சரி, ஏமாற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த எண்ணெய் முன்பு சும்மா கிடக்கவில்லை. சோப்புக்குப் போயிற்று, தீவனத்துக்குப் போயிற்று. அதை விமானம் எடுத்துக்கொண்டால் சோப்புக்காரர் வேறு எண்ணெய் வாங்குவார். எது மலிவு? செம்பனை. உணவுப் பயிரை எரிபொருளாக்கினால் அந்தப் பசி வேறெங்கோ ஒரு காட்டைத் தின்னும் என்று 2008-இலேயே டிமோத்தி செர்ச்சிங்கரும் கூட்டாளிகளும் ‘சயன்ஸ்’ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்க மக்காச்சோளத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. எண்களை மட்டும் மாற்றினால் நம் பக்கத்துக்கும் பொருந்தும்.

இதெல்லாம் எண்ணெயின் கதை. எனக்கு அதைவிட முக்கியம் ஆட்களின் கதை.

நான் பிறந்தது ஜொகூரில் ஒரு தோட்டத்தில். எனக்கு விவரம் தெரிந்தபோது ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்துக்கொண்டிருந்தார்கள். செம்பனைக்குப் பால்மரத்தளவுக்கு ஆள் வேண்டாம். பல குடும்பங்கள் வெளியேறின. அம்மாவுக்கு உதிரிப்பழம் பொறுக்கும் வேலை கிடைத்தது. நீளக் கழியில் கட்டிய அரிவாளால் ஆண்கள் குலையைத் தள்ளுவார்கள். குலை விழும் வேகத்தில் பழுத்த பழங்கள் சிதறும். எண்ணெய் அதிகம் இருப்பது அதில்தான். குனிந்து, மட்டைக்கு அடியில் கைவிட்டுப் பொறுக்கிச் சாக்கில் கட்ட வேண்டும். கூலி சாக்குக் கணக்கு. பள்ளி விடுமுறையில் நானும் பொறுக்கியிருக்கிறேன், அம்மாவின் பெயரில். மட்டையின் முள் நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாள் சோறு பிசைய முடியாது. விரலில் ஏறிய மஞ்சள் நிறம் சவர்க்காரத்துக்கும் அசையாது. அம்மாவுடைய எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் விரலைத்தான் பார்ப்பேன்.

இன்று அந்த வேலையைச் செய்கிறவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கடன் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். 2020-இல் மலேசியாவின் பெரிய செம்பனை நிறுவனங்கள் இரண்டின் எண்ணெயைக் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. பிடித்து வைத்த கடப்பிதழ், தராத சம்பளம் எல்லாம் அந்தப் புகாரில் இருந்தன. நம் ஊர்க் கட்டுமானத் தளங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொற்கள் புதிதில்லை. ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை கிராம் கரியமிலத்தை மிச்சப்படுத்தும் என்று தசமப் புள்ளிவரை அளக்கத் தெரிந்த உலகம், உதிரிப்பழம் பொறுக்குகிறவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை அதே கவனத்தோடு அளப்பதில்லை.

‘கழிவு’ மாதிரியே இன்னொரு சொல், ‘தரிசு’. இது நம் பூர்வீகத்துக் கதை. 2003-இல் இந்தியத் திட்டக் குழு, தரிசு நிலங்களில் காட்டாமணக்கு வைத்து டீசல் எடுக்கலாம் என்றது. தமிழ்நாட்டிலும் ஊர் ஊராகக் கன்று கொடுத்தார்கள். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு மேயாது என்று விளம்பரம். ஆடு மேயாது என்பதை வரமாகச் சொன்னார்கள், கவனித்தீர்களா? சர்க்கார் பதிவேட்டில் தரிசு என்று இருந்த இடத்தில்தான் ஆட்டுக்காரர்கள் காலங்காலமாக மேய்த்துக்கொண்டிருந்தார்கள். சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டு டீக்கடைக்கும் செங்கல் சூளைக்கும் விற்றவர்களும் அங்கேதான் பிழைத்தார்கள். அந்த நிலம் ஏற்கெனவே எரிபொருள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஆராய்ச்சியாளர் தென்தமிழ்நாட்டில் கணக்கெடுத்து, காட்டாமணக்கைவிடச் சீமைக்கருவேல்தான் பல மடங்கு ஆற்றல் தருகிறது என்று எழுதினார். சீமைக்கருவேலை எனக்கும் பிடிக்காது, அது வேறு விஷயம். காட்டாமணக்கு என்னவாயிற்று? தண்ணீர் பாய்ச்சாத இடத்தில் காய்க்கவில்லை. பாய்ச்சிய இடத்தில் நிலக்கடலையின் தண்ணீரைக் குடித்தது. அம்மாவைப் பெற்ற பாட்டியின் ஊருக்கு நான் போனபோது வேலியோரத்தில் நாலைந்து செடி நின்றது. கன்று கொடுத்த ஆளை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

இந்தோனேசியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே டீசலில் செம்பனை எண்ணெயைக் கலப்பது சட்டம். 2020-இல் 30 விழுக்காடு, 2025-இல் 40. 2022 தொடக்கத்தில் சமையல் எண்ணெய்க்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வண்டிக்குக் கலப்பது அப்போதும் நிற்கவில்லை. ஏப்ரல் கடைசியில் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். பழத்தின் விலை சரிந்தது. மூன்றே வாரத்தில் சிறு விவசாயிகள் ஜகார்த்தாவில் போராட்டத்துக்கு இறங்கினார்கள். நாட்டின் செம்பனைப் பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு அவர்கள் கையில்தான் இருக்கிறது. சட்டிக்கும் டாங்கிக்கும் நடந்த சண்டையில் அடிபட்டது இரண்டு பக்கத்து ஏழைகளும்.

இத்தனையும் சொல்லிவிட்டு உங்கள் 2.80 வெள்ளிக்கு வருகிறேன். தரலாம். நானும் தருவேன். 2025 நவம்பரில் அறிவித்த அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டு. பறக்கிறவர் கொடுக்கிறார், அதுவும் பெரிய இருக்கைக்காரர் நான்கு மடங்கு கொடுக்கிறார். சமையல் எண்ணெய் வாங்குகிற அம்மா கொடுக்கவில்லை. அடுத்தது, கட்டணம் இவ்வளவுதான் என்று முதலிலேயே வரம்பு கட்டியிருக்கிறார்கள். எரிபொருள் விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும். இலக்கை எட்டியே தீர வேண்டும் என்று எதையாவது வாங்கும் அவசரம் இதனால் குறையும் என்று நம்புகிறேன். என் குறை ஒன்றுதான். அந்த எண்ணெய் எந்த ஊர்ச் சட்டியிலிருந்து வந்தது, எந்தத் தோட்டத்து ஆலையிலிருந்து வந்தது என்பதைப் பயணச்சீட்டு வாங்குகிறவரும் பார்க்கிற மாதிரி வெளியிட வேண்டும். காசு நம்முடையது, கேட்கலாம். வருடம் ஒருமுறை சென்னை போவதை நான் நிறுத்தப் போவதில்லை. அம்மாவின் தங்கைகள் அங்கே இருக்கிறார்கள். குற்ற உணர்ச்சியோடு போகிறேன் என்று சொன்னால் அது நடிப்பு.

அப்பாவின் கேள்வி. ரசீது தராதவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதத்துக்கு நான்கு வெள்ளி நட்டம், தெரிகிறது. ஆனால் அவர் எடுத்துப்போகும் எண்ணெய் துவாஸுக்குத்தான் போகிறது என்பதற்கு என்ன சாட்சி? பாலம் தாண்டி, வடிகட்டி, மறுபடி யாருடைய சட்டிக்காவது வந்தால்? 22 வருடம் கடை நடத்தியவருக்கு அந்தப் பயம் என்னைவிட நன்றாகத் தெரியும். பழைய ஆளிடமே கொடுக்கட்டும். ரசீதில் எடையை எழுதச் சொல்லி, ஒரு நோட்டில் ஒட்டி வைக்கட்டும். அந்த இரண்டு வெள்ளியைக் காட்டிப் பழைய ஆளிடம் ஒரு வெள்ளியாவது பேரம் பேசலாம், தப்பில்லை.

வெள்ளிக்கிழமை தேக்காவுக்கு மீன் வாங்க வருவேன். கடை எண்ணை எழுதி அனுப்புங்கள். புது எண்ணெய் ஊற்றுகிற நேரத்தையும்.