1,800 வெள்ளிக்குள் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய எந்தெந்தப் பாகம் வாங்கலாம்?

மகன் பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கிறான், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் ஓட வேண்டும், ராத்திரி கேமும் ஆடுவான், மானிட்டர் வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த பட்ஜெட்டில் நல்ல மெஷினே கட்டலாம்.

பாகங்களை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கேபினெட், பவர் சப்ளை, மதர்போர்டு மூன்றும் ஐந்தாறு வருஷம் வீட்டோடு இருக்கப்போகிறவை. கிராஃபிக்ஸ் கார்டு, ராம், எஸ்எஸ்டி எல்லாம் நடுவில் மாறும். ஆனால் நம்மாட்கள் கார்டுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, கையில் மிஞ்சிய காசுக்கு ஒரு பவர் சப்ளையைப் பொறுக்கி வருவார்கள். பாலிடெக்னிக் முடிந்து அவன் என்எஸ் (தேசிய சேவை) போய்த் திரும்பும்போதும் அதே பவர் சப்ளைதான் உள்ளே இருக்கும், அதை மறந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் நாலு கடை ஏறி இறங்கினால் நாலு கொட்டேஷன் கிடைக்கும். அடியில் இருக்கும் மொத்தத் தொகையை விடுங்கள், வரிவரியாகப் படியுங்கள். புராசசருக்கும் கார்டுக்கும் முழுப்பெயர் போட்டிருப்பார்கள். பவர் சப்ளைக்கு நேரே மட்டும் ‘650 வாட் கோல்டு’ என்று மொட்டையாக இருந்தால், பிராண்டும் மாடலும் எழுதித் தரச் சொல்லுங்கள். கோல்டு என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. உள்ளே போட்டிருக்கும் கெப்பாசிட்டரின் தரத்துக்கு அது உத்தரவாதம் கிடையாது. 7 வருஷம், 10 வருஷம் வாரண்டி தருகிற மாடலாகப் பார்த்து எடுங்கள். 850, 1,000 வாட் என்று ஏற்றிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நான் கீழே சொல்லும் கார்டுக்கு 180 வாட், புராசசர் முழு மூச்சில் ஓடினால் 88 வாட். மற்றதையும் சேர்த்தால் 300ஐ ஒட்டித்தான் வரும். 650 தாராளம்.

அடுத்தது கேபினெட். யூடியூபில் ரிவ்யூ செய்கிறவர்கள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறை ஏர்கான் போடாத நேரத்தில் 30 டிகிரி. அந்த எட்டு ஒன்பது டிகிரி அப்படியே கார்டின் சூட்டில் ஏறும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெட்டி பார்க்க ஜோராக இருக்கும், அந்தப் பக்கமிருந்து காற்றுதான் வராது. முன்னால் வலை, கழற்றிக் கழுவ ஃபில்டர், முன்னே இரண்டு ஃபேன், பின்னே ஒன்று, இவ்வளவு போதும். சாமி மேடைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கில் பிசுக்காக ஒட்டிக்கொண்டால் ஊதினாலும் போகாது.

போர்டுக்கும் புராசசருக்கும் என் ஓட்டு ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு. சாக்கெட் என்பது போர்டில் புராசசர் உட்காரும் இடம். இதற்கு முந்தைய ஏஎம்4இல், 2017இல் வாங்கிய பல போர்டுகளில் பயாஸ் என்ற போர்டின் அடிப்படை மென்பொருளை மட்டும் புதுப்பித்து 2022இல் வந்த 5800எக்ஸ்3டி புராசசரை மாட்ட முடிந்தது. ஏஎம்5ஐயும் 2027 வரையிலாவது தொடரப்போவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் மோசமில்லை, சாக்கெட்டை அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான். பி650 சிப்செட் போர்டு, ரைசன் 5 7600 புராசசர் போதும். கூலர் பெட்டியிலேயே வரும். சத்தம் பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கார்டில் என்விடியாதான். பிளெண்டரில் ரெண்டர் செய்ய, அதாவது செய்த காட்சியைப் படமாக வரைந்தெடுக்க, அதுதான் வேகம். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விதமாக வருகிறது. கொட்டேஷனில் எது என்று கேளுங்கள். அனிமேஷன் படிக்கிற பையனுக்கு 16தான். காட்சி கார்டின் மெமரிக்குள் அடங்காவிட்டால் ரெண்டர் நொண்டும், இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும்.

ராம் விஷயத்தில் காலம் சரியில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து விலை தாறுமாறு. பதினாறு பதினாறாக ஒரே பெட்டியில் வரும் 32 ஜிபி டிடிஆர்5 ஜோடி வாங்கி, இப்போதைக்கு அதோடு நிறுத்துங்கள். பட்ஜெட் இடித்தால் எஸ்எஸ்டியைக் குறைத்துக்கொள்ளலாம், 1 டிபி போதும், போர்டில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும்.

வெளிநாட்டுத் தளத்தில் மலிவாக இருக்கிறதே என்று தோன்றும். 9 சதவீத ஜிஎஸ்டி 400 வெள்ளிக்குக் குறைவான பொருளுக்கும் உண்டு, 2023இலிருந்தே சின்னச் சாமான்களையும் விடுவதில்லை. அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கார்டும் பவர் சப்ளையும் உள்ளூர் விநியோகஸ்தர் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியாக வாங்கினால், கெட்டுப்போன அன்று எம்ஆர்டியில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க இங்குள்ள லெமன் சட்டப்படி, கொடுத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு.

அசெம்பிள் செய்வதைப் பையனிடமே விட்டுவிடுங்கள், ஒரு சாயங்கால வேலை. நாலு ராம் ஸ்லாட் உள்ள போர்டென்றால், ராம் இரண்டையும் புராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4ஆவது ஸ்லாட்டில் போடச் சொல்லுங்கள். முதல் தடவை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றும், திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 தன்னைச் சரிபார்த்துக்கொள்கிற நேரம் அது, பதறிப்போய் ஸ்விட்சை அணைக்காதீர்கள். பத்து நிமிஷம் ஆகியும் ஒன்றும் வரவில்லையென்றால், மானிட்டர் வயரைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருக்கிறானா என்று முதலில் பாருங்கள்.