அது 'கே-பேக்ஸ்' அல்ல, அர்ஜென்டினப் படம்

வணக்கம். 1990களின் தொடக்கத்தில் பெங்களூருவில் ஒரு திரைப்படச் சங்கத்தில் பார்த்த படத்தின் பெயரைக் கேட்டிருந்தீர்கள்: மனநல மருத்துவமனை முற்றத்தில் ஒரே திசையைப் பார்த்துச் சிலைபோல் நிற்கும் நோயாளி, தான் வேற்றுக் கிரகத்தவன் என்கிறான். உங்கள் மைத்துனர் அடித்துச் சொல்லும் ஹாலிவுட் படமான 'கே-பேக்ஸ்' 2001இல்தான் வந்தது, ஆண்டே இடிக்கிறது.

நீங்கள் பார்த்தது எலிசேயோ சுபியேலா இயக்கி 1986இல் வெளிவந்த ஸ்பானிய மொழிப் படம். ஆங்கிலத்தில் 'மேன் ஃபேசிங் சவுத்ஈஸ்ட்' என்று தேடுங்கள். அந்தத் திசை தென்கிழக்கு. நம் வீட்டுக் கணக்கில் அக்கினி மூலை! அல்சூரில் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலும் அதே பக்கம்தான்; படம் பார்த்த மறுநாள் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் அங்கே நின்றிருந்தேன்.

ரந்தேஸ் என்ற அந்த நோயாளி மருத்துவமனைச் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசிப்பது நினைவிருக்கிறதா? திறந்தவெளிக் கச்சேரியில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை அவன் நடத்தும் காட்சியும் உண்டு. எனக்கு அதைவிட மருத்துவர்தான் பிடித்தார். மனைவியைப் பிரிந்து, இரவில் தனியே சாக்ஸபோன் ஊதும் அவரல்லவா உண்மையில் சிகிச்சை தேவைப்படுகிறவர்! ஹாலிவுட் படத்தில் மருத்துவர் புதிரை அவிழ்க்க ஓடுகிறார். இங்கே புதிர் அவரைத் தின்கிறது.

மைத்துனரிடம் ஒன்று கேளுங்கள்: நோயாளி வாழைப்பழத்தைத் தோலோடு தின்றானா? ஆம் என்றால் அவர் பார்த்தது 'கே-பேக்ஸ்'தான்.