டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகனை ஒரு டியூஷன் சென்டரில் சோதித்துப் பார்த்து, ‘இவன் கண்ணால் கற்கிற பிள்ளை, வீடியோ பாடம்தான் ஏறும்’ என்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணமாம். சேர்க்கலாமா டீச்சர்?
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்வெட்டராக வாங்குங்கள், மழை வருகிறது.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிப்பது கேட்க அழகாக இருக்கும். 2008-ல் ஹரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று அமெரிக்க உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். அவரவர் வகைக்கு ஏற்பச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. வீடியோ பிடிப்பது வேறு விஷயம். எந்தப் பையனுக்குத்தான் பிடிக்காது?

எப்படிக் கற்பது என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் முடிவு செய்யும். பைக்காரா எங்கே, முக்குருத்தி எங்கே என்று அறிய மேப்பைப் பார்த்தே ஆகவேண்டும், பிள்ளை எந்த வகையாக இருந்தாலும். என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். இரண்டு இலை, ஒரு மொட்டு; பாடம் அவ்வளவுதான், எனக்கும் தெரியும். ஆனால் நான் பறித்தால் கூடையில் முத்தல் இலையும் சேர்ந்து விழும். அம்மா பக்கத்து நிரைக்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே பறிப்பார், விரல் தப்பாது. தோடர் பெண்கள் பூத்துக்குளி போர்வையில் தைப்பதைப் பாருங்கள். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணி எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் கோலத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். கணக்கு டீச்சரான எனக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான்.

சரி, மகனுக்கு என்ன செய்யலாம்? பாடத்தை ஒருமுறை படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் படித்தது. இன்னொன்று ஒரு சுற்று படித்து, மூன்று சுற்று பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுதான் முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 61. ‘நேற்று எல்லாம் தெரிந்ததே டீச்சர்’ என்று பரீட்சை அன்று அழுகிற பிள்ளைகள் பொய் சொல்வதில்லை.

கேள்வி: எனக்கு வயது 62. போனில் பணம் அனுப்பப் பேத்தி சொல்லித்தருகிறாள். மறுநாளே மறந்துவிடுகிறது. வயசாகிவிட்டதா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் கழன்றுபோவதைத் தன்னிடமே சோதித்து 1885-ல் புத்தகமாகப் போட்டார் ஜெர்மனிக்காரர் எபிங்ஹாஸ். அப்போது அவருக்கு வயது 35. பேத்தி போனைப் பிடுங்கித் தானே அழுத்திக் காட்டுவாள், விடாதீர்கள். போன் உங்கள் கையில் இருக்கட்டும். இன்று அவளுக்கு ஒரு ரூபாய் அனுப்புங்கள், இரண்டு நாள் விட்டு இன்னொன்று, அப்புறம் ஒரு வாரம் விட்டு. ரகசிய எண்ணை மட்டும் அவளிடம்கூடச் சொல்லாதீர்கள்.