ஹிட்லர் பெரும்பான்மை வாங்கித்தான் வந்தாரா?

‘தேர்தலில் பெரும்பான்மை பெற்று ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்’ என்று எழுதியதற்கு ஏன் மதிப்பெண் போயிற்று என்று கேட்டிருந்தீர்கள். திருத்தியவர் செய்தது சரிதான். 1932 ஜூலைத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கு 37 சதவீத வாக்குதான். நவம்பர் தேர்தலில் அதுவும் 33 ஆக இறங்கியது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைச் சான்சலர் (அரசின் தலைவர்) ஆக்கியவர் அதிபர் ஹிண்டன்பர்க். ‘நம் கைக்குள் அடங்கிக் கிடப்பார்’ என்று முன்னாள் சான்சலர் பாப்பன் வகையறா போட்ட தப்புக் கணக்கு அது.

அப்புறம், நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ஹிட்லர் அரசு சட்டம் போட வழிவிட்ட அதிகாரமளிப்புச் சட்டத்தின் மீதான 1933 மார்ச் 23 வாக்கெடுப்பை விட்டுவிடாதீர்கள். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்துபோனதால் குரோல் ஓபரா அரங்கில் கூட்டம். உள்ளேயே சீருடை போட்ட நாஜி அடியாட்கள் சுற்றி நிற்கிறார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை வரவே விடவில்லை. அதிகாரமளிப்புச் சட்டத்துக்கு ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் எல்லாரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். (அதே மார்ச் மாதத் தொடக்கத்தில் நடந்த தேர்தலிலேகூட நாஜிகளுக்குத் தனியாக 44 சதவீதம்தான்!)