சட்டம் – கேள்வி பதில்: “கேஸ் எதற்கு?” என்கிறார் கார் உரிமையாளர்

கேள்வி: என் கணவருக்கு வயது 38. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட் கணக்கில் வாரம் 4,500 ரூபாய் வரை சம்பாதிப்பார். இரண்டு மாதங்களுக்கு முன் வெள்ளக்கோவில் அருகே இருசக்கர வாகனத்தில் வந்தபோது, பக்கச் சாலையிலிருந்து திரும்பிய கார் மோதி வலது கணுக்கால் முறிந்துவிட்டது. பிளேட் வைத்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். காரின் உரிமையாளர் கோவைக்காரர், மருத்துவமனையில் 40,000 ரூபாய் கட்டினார். “மீதியையும் நானே பார்த்துக்கொள்கிறேன், கேஸ் எல்லாம் எதற்கு, சமாதானமாகப் போகிறோம் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்கிறார். காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டும் தந்திருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, பல்லடம்

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்கப்போகும் இழப்பீட்டை அவர் தம் பையிலிருந்து தரப்போவதில்லை. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே, உங்கள் கணவரைப் போன்றவர்கள் வண்டிக்காரரின் மனசாட்சியை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான். அவர் கட்டிய 40,000 ரூபாயை மறைக்கவும் வேண்டாம். அந்த ரசீதைத் தனியே வைத்துக்கொண்டு, இழப்பீட்டு மனுவில் அதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, மனு ரசீது போதாது, முதல் தகவல் அறிக்கை வேண்டும். வண்டி எண்ணும் ஓட்டுநரும் குறிப்பிடப்பட்ட முதல் தகவல் அறிக்கை இல்லாமல் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், “இந்தக் காரைப் பிற்பாடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்” என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடும். அந்த வாதத்தை உடைப்பதிலேயே பாதி வழக்கு கழிந்துவிடும். நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் முறையிட, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு வழி தருகிறது. இரண்டு மாதம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். சிகிச்சைக்காக ஓடிக்கொண்டிருந்த குடும்பம் புகார் கொடுக்கத் தாமதித்தது என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லியிருக்கிறது.

அதைவிட அவசரமான தாள் ஒன்று உண்டு. விபத்தன்று முதலில் சேர்த்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வதில், விபத்து எப்படி நடந்தது என்று ஒரே ஒரு வரி எழுதியிருப்பார்கள். அடிபட்டவர் வலியில் கிடக்க, உடன் வந்த யாரோ அவசரத்தில் சொன்னதை இரவுப் பணி மருத்துவர் குறித்துக்கொண்ட வரி அது. “கார் மோதியது” என்றிருந்தால் கவலையில்லை. “பைக்கிலிருந்து தவறி விழுந்தார்” என்றிருந்தால், மூன்று வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த வரியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இந்த வாரமே நகல் வாங்கிப் பாருங்கள். தவறாக இருந்தால், உண்மையில் நடந்ததைச் சொல்லக்கூடிய நேரடி சாட்சியின் பெயரைக் காவல்துறை வாக்குமூலத்தில் இப்போதே சேர்த்துவிடுங்கள்; பிறகு சேர்ப்பது சிரமம்.

மனுவை மோட்டார் வாகனச் சட்டம் 166ஆவது பிரிவின்கீழ், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்ட பிறகு, பல வருடங்களாக இப்படி ஒரு வரம்பு இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன என்றாலும், அதை நம்பி நாளைக் கடத்துவது உங்களுக்கு ஆகாது. உங்கள் கையில் இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கோவைக்கு அலையவும் வேண்டாம். நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்பதால், திருப்பூர் நீதிமன்ற வளாகத்திலேயே எம்.சி.ஓ.பி. எண், அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவுக்கான எண், வாங்கிவிடலாம்.

இனி பணத்துக்கு வருவோம். மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து பார்த்துக்கொண்டதற்கான செலவு (பார்த்துக்கொண்டது மனைவியே ஆனாலும் கேட்கலாம்), வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வருமானம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதன் செலவு என எல்லாம் மனுவில் வரும். ஆனால் பெரிய தொகை இவற்றில் இல்லை. நிரந்தர இயலாமையால் இனி வரும் வருடங்களில் குறையப்போகும் சம்பாத்தியத்தில்தான் அது இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பமான விஷயத்தைக் கவனியுங்கள். மருத்துவக் குழு தரும் இயலாமைச் சதவீதமும், பிழைப்பில் ஏற்பட்ட இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது: இடது கையை இழந்தவரின் உடல் இயலாமை ஏறக்குறைய 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு கிட்டத்தட்ட முழுமையானது, அதே கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தராக வேலையில் தொடர்ந்தால் அந்த வகையில் இழப்பே இல்லாமலும் போகலாம். ஓவர்லாக் மிஷினின் பெடலை நாள் முழுக்க மிதிப்பது உங்கள் கணவரின் வலது கால்தான் என்பதை தீர்ப்பாயம் தானாக ஊகித்துக்கொள்ளாது. அவர் தம் சாட்சியத்தில் அதைச் சொல்ல வேண்டும். கம்பெனி சூப்பர்வைசரோ உடன் தைப்பவரோ கூண்டேறி, முன்பு ஒரு ஷிஃப்டில் எத்தனை பீஸ் அடித்தார், இப்போது எத்தனை அடிக்கிறார் என்று சொன்னால் இன்னும் நல்லது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? இயலாமை 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிழைப்புக்குப் பாதிப்பு நிரூபணமாகவில்லை என்றால், நம் தீர்ப்பாயங்கள் சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கிடுவது வழக்கம். சதவீதத்துக்கு 5,000 என்றால் 1,50,000 ரூபாயோடு முடிந்தது. பாதிப்பு நிரூபணமானால் கணக்கே வேறு. மாத வருமானம் 18,000; 40 வயதுக்கு உட்பட்ட, நிரந்தரச் சம்பளம் இல்லாதவர் என்பதால், 2017 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்தபடி எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. இந்த ஆண்டு வருமானத்தைப் பெருக்க வயதுக்கேற்ப ஒரு பெருக்கெண் உண்டு; 36 முதல் 40 வயது வரைக்கு அது 15. பெருக்கி வரும் 45,36,000இல் 30 சதவீதம் 13,60,800 ரூபாய். காயம் அதே காயம்தான்.

வருமானத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் தீர்ப்பாயம் தானே ஒரு தொகையை நிர்ணயிக்கும். அது 12,000 என்றால், மேற்கண்ட கணக்கு 9,07,200ஆக இறங்கிவிடும். சனிக்கிழமை தோறும் சம்பளம் வாங்கும்போது பீஸ் கணக்குக் குறித்துவைக்கும் சின்ன நோட்டு ஒன்று எல்லா டெய்லரிடமும் இருக்கும். அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள், ஏனென்றால் மேலே கண்ட வித்தியாசத்தின்படி அதன் விலை நாலரை லட்சம் ரூபாய். கம்பெனி கூகுள் பேயில் அனுப்பியிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையும், இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்தப் பதிவும் கூடவே இருக்கட்டும்.

எதிராளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லாமல், கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் தரும் 164ஆவது பிரிவும் இருக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனால் காப்பீட்டு நிறுவனம் முன்வந்து தரும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166ஆவது பிரிவு மனு அத்துடன் முடிந்துபோகும் என்பதால், கையெழுத்திடும் முன் மேலே உள்ள கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். மருத்துவமனைப் படுக்கைக்கே வந்து, “பத்து பைசா வேண்டாம், வருவதில் பங்கு கொடுத்தால் போதும்” என்று வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் தரகர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். வக்கீல் இழப்பீட்டுத் தொகையில் பங்கு பேசுவதே பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதமானது. வசதி இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேளுங்கள்.

கேள்வி: நண்பரின் காரில் பின் இருக்கையில் சென்றேன். அவர் தூங்கிவிட்டதால் கார் தடுப்புச் சுவரில் மோதியது. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. அவர் மீதே வழக்குப் போடுவதா என்று சங்கடமாக இருக்கிறது.
– வாசகர், நாமக்கல்

பதில்: மனுவில் எதிர்மனுதாரராக அவர் பெயர் வரும் என்பது உண்மை, ஆனால் பணம் தருவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம். முதலில் அவரிடம் பாலிசியின் நகலைக் கேளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள பாலிசி, தனியார் காரில் கட்டணமின்றிப் பயணம் செய்பவரைப் பாதுகாப்பதில்லை. காருக்கான சேதத்தையும் சேர்த்து எடுக்கும் முழு பாலிசி பாதுகாக்கும். அது முழு பாலிசி என்று தெரிந்த பிறகு நண்பரிடம் விஷயத்தைச் சொன்னால், பெரும்பாலும் அவரே வக்கீலைக் கூட்டி வருவார். நான் பார்த்தவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் என்றால், தீர்ப்பாகும் தொகையை அவரே தர வேண்டியிருக்கும். அந்த நிலையில் சங்கடத்தை எடை போட வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: நான்கு வருடமாக வழக்கு நடக்கிறது. லோக் அதாலத்தில் ஆறு லட்சம் தருவதாகக் காப்பீட்டு நிறுவனம் சொல்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், தேனி

பதில்: அங்கே கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது, அது இறுதியானது. எனவே இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆறு லட்சம் வட்டியையும் சேர்த்தா, வட்டி நீங்கலாகவா? மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஆண்டுக்கு 7.5 சதவீத வட்டி கிடைத்தால், நான்கு வருடத்தில் அதுவே அசலில் 30 சதவீதம். மருத்துவக் குழுவின் இயலாமைச் சான்று கோப்பில் வந்துவிட்டதா? வராமல் பேசப்படும் தொகை எப்போதும் குறைவாகவே இருக்கும். சம்மதிக்க மறுப்பதால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை. வழக்கு விட்ட இடத்திலிருந்து தீர்ப்பாயத்தில் தொடரும்.