பட்டியலில் யார் முதலிடம்? அமெரிக்க நகரங்களும் உடல் பருமனும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க நகரங்களின் உடல் பருமன் விகிதம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஹூஸ்டன் வாசகர்: நான் அமெரிக்கா வந்த புதிதில், நாட்டிலேயே குண்டானவர்கள் அதிகம் உள்ள ஊர் ஹூஸ்டன்தான் என்றார்கள். பிறகு ஹண்டிங்டன் என்று படித்தேன். இப்போது மெக்காலன் என்கிறார்கள். எதை நம்புவது?

மூன்றும் வெவ்வேறு கணக்குகள். 2000களின் தொடக்கத்தில் ஹூஸ்டனுக்கு அந்தப் பட்டத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது ஓர் உடற்பயிற்சி இதழ். ஊரில் எத்தனை ஜிம், எத்தனை ஃபாஸ்ட்ஃபுட் கடை, காற்று எவ்வளவு மாசு என்பதற்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டினார்கள். மக்களின் எடை அதில் ஒரு பங்குதான். அப்படியிருந்தும் மேயர் நகரத்துக்கென்று ஓர் உடற்பயிற்சி ஆலோசகரை நியமிக்க வேண்டிய அளவுக்குப் பேச்சு கிளம்பிவிட்டது.

ஹண்டிங்டன், கேலப் நிறுவனத்தின் 2013 தொலைபேசிக் கருத்துக்கணிப்பில் வந்தது. பருமனானவர்கள் 39.5%. அங்கே ‘ஹண்டிங்டன்’ என்றால் ஹண்டிங்டன் நகராட்சி மட்டும் அல்ல. மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, ஒஹையோ என மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் ஹண்டிங்டன்-ஆஷ்லண்ட் பெருநகர வட்டாரம் முழுவதும். மெக்காலன் இப்போது முதலிடம் பிடிப்பது ஒரு நிதி இணையதளத்தின் பட்டியலில். பருமன், சர்க்கரை நோய், உடற்பயிற்சியின்மை என்று பலவற்றை அவர்கள் ஒரே மதிப்பெண்ணாக உருட்டித் தருகிறார்கள்.

ஆகவே எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள்: இது பருமனானவர்களின் சதவீதமா, கலவை மதிப்பெண்ணா? நகராட்சி எல்லையா, புறநகர்கள் சேர்ந்த வட்டாரமா? எத்தனை பேரைக் கேட்டார்கள்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 500 பேரைக் கேட்டு 33% என்று வந்தால், பிழை வரம்பு இரு பக்கமும் ஏறத்தாழ 4 புள்ளி. அதாவது 29 முதல் 37 வரை எதுவும் இருக்கலாம். அந்த நிலையில் 12ஆம் இடத்துக்கும் 25ஆம் இடத்துக்கும் வித்தியாசம் பார்ப்பது வீண் வேலை.

சார்லட் வாசகி: என்னை யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லையே, எங்கள் ஊர் விகிதம் மட்டும் எப்படித் தெரிகிறது?

போனில் கேட்டுத்தான். சி.டி.சி. என்னும் நோய்க் கட்டுப்பாட்டு மையம், மாநிலங்களோடு சேர்ந்து 1984 முதல் ஒரு தொலைபேசி ஆய்வை நடத்துகிறது. ஆண்டுக்கு 4 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். உயரம், எடை இரண்டையும் மக்களே சொல்ல வேண்டும். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. அது 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் பருமன்.

சிக்கல் ‘மக்களே சொல்ல வேண்டும்’ என்பதில்தான். உயரத்தைக் கொஞ்சம் கூட்டியும் எடையைக் கொஞ்சம் குறைத்தும் சொல்வது மனித சுபாவம். 170 செ.மீ. உயரம், 88 கிலோ எடை உள்ளவரின் பி.எம்.ஐ. 30.4. அவரே போனில் ‘172, 86’ என்றால் 29.1. இரண்டு எண்களும் இரண்டிரண்டு மாறியதும் ஆள் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டார்!

நேரில் அளக்கும் ஆய்வும் உண்டு. டிரெய்லர்களில் பரிசோதனைக் கூடத்தையே ஊர் ஊராகக் கொண்டுபோய் உயரம், எடை, ரத்தம் எல்லாம் எடுப்பார்கள். அதன்படி 2021 ஆகஸ்ட் முதல் 2023 ஆகஸ்ட் வரையிலான காலத்தில் அமெரிக்கப் பெரியவர்களில் 40.3% பேர் பருமனானவர்கள். ஆனால் அது நாடு முழுவதற்குமான எண். ஆண்டுக்குச் சில ஆயிரம் பேரைத்தான் அளக்க முடிகிறது என்பதால் அதை ஊர்வாரியாகப் பிரிக்க வழியில்லை. ஊர் எண் வேண்டுமென்றால் போன் கணக்குதான். அதனால் நாட்டின் 40.3-ஐயும் உங்கள் ஊரின் போன் கணக்கையும் பக்கத்தில் வைத்து ‘நாங்கள் பரவாயில்லை’ என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இன்னொன்று: 2011இல் செல்போன் வைத்திருப்பவர்களையும் ஆய்வில் சேர்த்தார்கள், யாருடைய பதிலுக்கு எவ்வளவு பங்கு தருவது என்ற கணித முறையையும் மாற்றினார்கள். 2010 எண்ணையும் 2011 எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்த படத்தைப் பார்த்தால் நம்பாதீர்கள்.

டென்வர் வாசகர்: சரி, மெலிந்தவர்கள் ஊர் எது?

கேலப் 2013 கணக்கில் உங்கள் பக்கத்து ஊர் போல்டர், 12.4%. படித்தவர்கள், வசதியானவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்த ஊர். ஊரைச் சுற்றித் திறந்த வெளியை வாங்கி வைக்க 1967லேயே தனக்குத் தானே விற்பனை வரி போட்டுக்கொண்ட நகரம். மலைக் காற்று காரணம் என்று சொல்வதைவிட வீட்டு விலையைப் பார்ப்பது நல்லது. ஏழைகள் குடியேற முடியாத ஊரில் சராசரி தானாகவே அழகாக இருக்கும்.

டல்லஸ் வாசகர்: என் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியின் எண்ணை எப்படிப் பார்ப்பது?

சி.டி.சி.யின் ‘பிளேசஸ்’ தளத்தில் பார்க்கலாம். 2016இல் 500 நகரங்களுக்கு மட்டும் தொடங்கியது, 2020 முதல் நாடு முழுவதும். வரைபடத்தைத் திறந்து, அளவீடுகளில் பெரியவர்களின் பருமனைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து நிலப்பரப்பு: கவுண்டி (மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் போன்றது), நகரம், ஜிப் பகுதி, சென்சஸ் டிராக்ட். டிராக்ட் என்பது சராசரியாக 4,000 பேர் வசிக்கும் துண்டு. முகவரியைப் போட்டு உங்கள் துண்டைப் பிடித்துவிடலாம்.

கவுண்டிக்கும் நகரத்துக்கும் இரண்டு எண்கள் இருக்கும்; டிராக்டுக்கும் ஜிப் பகுதிக்கும் கச்சா எண் மட்டும்தான். ‘கச்சா விகிதம்’ என்பது அங்கே உள்ளபடி. வயதுக்கேற்பச் சரிசெய்தது இன்னொன்று. மாணவர்கள் நிறைந்த நகரத்தையும் ஓய்வு பெற்றோர் நிறைந்த நகரத்தையும் ஒப்பிட வேண்டுமானால் சரிசெய்த எண்ணை எடுங்கள். ‘எங்கள் வட்டாரத்துக்கு எத்தனை மருத்துவர்கள் தேவை’ என்பது போன்ற கேள்விக்குக் கச்சா எண். பக்கத்திலேயே நம்பிக்கை இடைவெளியும் (உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பு) இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தளம் வெளியான ஆண்டு வேறு, தரவு எடுத்த ஆண்டு வேறு. 2024 பதிப்பில் பருமன் எண் 2022 ஆய்விலிருந்து வந்தது.

முக்கியமான எச்சரிக்கை. உங்கள் டிராக்டில் யாரையும் போனில் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வயது, இனம், பாலினம், கல்வி, வறுமை ஆகியவற்றை வைத்து ‘இப்படிப்பட்டவர்கள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில் பருமன் இவ்வளவு இருக்கும்’ என்று மாதிரிக் கணிதம் போட்டுத் தந்த மதிப்பீடு அது. உங்கள் பூங்காவில் புது நடைபாதை போட்டதால் எண் குறைந்ததா என்று இதில் தேடாதீர்கள். நடைபாதை அந்தக் கணிதத்துக்குள்ளேயே இல்லை.

வாஷிங்டன் வாசகி: எங்கள் தலைநகர் பட்டியலில் எப்போதும் நன்றாகவே இருக்கிறது. பெருமைப்படலாமா?

2023இல் பருமன் விகிதம் கொலம்பியா மாவட்டத்தில், அதாவது வாஷிங்டன் நகரத்தில், 23.5%; மேற்கு வர்ஜீனியாவில் 41.2%. ஆனால் ஒரு நகரத்தை முழு மாநிலங்களோடு வரிசையில் நிறுத்துவதே நியாயமில்லை. அனகோஸ்டியா ஆற்றைத் தாண்டிக் கிழக்கே 7, 8ஆம் வார்டுகளுக்குப் போய்ப் பாருங்கள். பெரிய மளிகைக் கடைகள் குறைவு, வருமானம் குறைவு, பருமன் மிக அதிகம். வடமேற்கின் 3ஆம் வார்டு அதை இழுத்துச் சமன் செய்கிறது.

துல்சா வாசகர்: எங்கள் மாநிலத் தலைநகர் ஓக்லஹோமா சிட்டி பத்து லட்சம் பவுண்டு இளைத்ததாகச் சொல்வார்கள். என்ன ஆயிற்று?

மேயர் மிக் கார்னெட் 2007 டிசம்பர் கடைசி நாளில் ‘இந்த நகரம் டயட்டில் இருக்கிறது’ என்று அறிவித்தார். மக்கள் ஓர் இணையதளத்தில் பதிவு செய்து, குறைந்த எடையைத் தாங்களே எழுதினார்கள். 2012 ஜனவரியில் இலக்கு எட்டப்பட்டது. பதிந்தவர்கள் ஏறத்தாழ 47,000 பேர்.

கணக்குப் போடுவோம். 10 லட்சத்தை 47,000ஆல் வகுத்தால் ஆளுக்கு 21 பவுண்டு, ஏறக்குறைய 9.6 கிலோ. தனி மனிதருக்கு அது நல்ல சாதனை. ஆனால் நகரத்தின் மக்கள்தொகை 2010இல் 5.8 லட்சம். எல்லோருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு கிலோகூடத் தேறாது. பி.எம்.ஐ. 36இலிருந்து 33க்கு இறங்கியவர் மருந்தைக் குறைத்திருக்கலாம், மூட்டு வலி தணிந்திருக்கலாம், ஆனால் புள்ளிவிவரத்தில் இன்னமும் ‘பருமன்’தான். திரும்ப ஏறிய எடையை இணையதளத்தில் போய் எழுதுவதற்கு யாருக்கும் அவசியமில்லை. ஓக்லஹோமா மாநில விகிதம் 2012இல் 32%ஆக இருந்து 2022இல் 40%ஐத் தொட்டது.

ஆனால் அந்த விளம்பரத்தைவிட அதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கார் இல்லாமல் எங்கும் போக முடியாதபடி அகண்டு கிடக்கும் ஊர் அது. 2009 டிசம்பரில் மக்கள் ஒரு சென்ட் விற்பனை வரிக்கு ஓட்டுப் போட்டார்கள். 77.7 கோடி டாலர் திட்டம்: நடைபாதைகள், சைக்கிள் தடங்கள், முதியோருக்கான உடல்நல மையங்கள், டிராம், நகர நடுவே பெரிய பூங்கா. இதன் பலன் எடையில் தெரிய ஒரு தலைமுறை ஆகலாம், தெரியாமலும் போகலாம். நடக்க இடம் கிடைத்தது என்பது மட்டும் உறுதி.

லாஸ் ஏஞ்சலிஸ் வாசகர்: ஃபாஸ்ட்ஃபுட் கடைகளைத் தடை செய்தால் தீராதா?

உங்கள் ஊரே செய்து பார்த்தது. தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் புதிதாகத் தனிக் கட்டடத்தில் ஃபாஸ்ட்ஃபுட் கடை திறக்க 2008இல் தடை வந்தது. ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனத்தினர் 2015இல் வெளியிட்ட முடிவு: அங்கே அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் 2007இல் 63%, 2011இல் 75%. தடை பழைய கடைகளைத் தொடவில்லை. வணிக வளாகத்துக்குள் வரும் கடைகளையும் தொடவில்லை. சிப்ஸும் சோடாவும் விற்கும் மூலைக் கடைகளைப் பற்றிப் பேசவே இல்லை.

விலையை ஏற்றினால் ஓரளவு வேலை செய்கிறது. பிலடெல்ஃபியாவில் 2017 ஜனவரி முதல் இனிப்புப் பானங்களுக்கு அவுன்ஸுக்கு 1.5 சென்ட் வரி, டயட் சோடாவுக்கும் சேர்த்து. 2 லிட்டர் பாட்டிலுக்கு ஒரு டாலர். நகருக்குள் விற்பனை பாதியாகக் குறைந்தது. எல்லை தாண்டிப் போய் வாங்கியதைக் கழித்தால் நிகரக் குறைவு 38%. சிகாகோ இருக்கும் குக் கவுண்டியிலோ 2017 ஆகஸ்டில் வந்த வரி, எதிர்ப்பு தாங்காமல் டிசம்பர் முதல் தேதியே போய்விட்டது.

பால்டிமோர் வாசகி: நல்ல பகுதிக்கு வீடு மாறினால் உடம்பு இளைக்குமா?

விளையாட்டாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இதற்குச் சோதனை நடந்திருக்கிறது, உங்கள் ஊரிலேயே. 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஆகிய ஊர்களில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த 4,498 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, வறுமை குறைந்த பகுதியில் மட்டுமே செல்லுபடியாகும் வாடகைச் சீட்டு. 10 முதல் 15 ஆண்டுகள் கழித்து அந்தக் குடும்பங்களின் பெண்களை அளந்தார்கள். சீட்டு பெறாதவர்களோடு ஒப்பிட்டால், பெற்றவர்களில் பி.எம்.ஐ. 35ஐத் தாண்டியவர்கள் 4.6 புள்ளி குறைவு, சர்க்கரை நோய் அளவு ரத்தத்தில் காணப்பட்டவர்கள் 4.3 புள்ளி குறைவு. பி.எம்.ஐ. 30 என்ற எல்லையில் தெளிவான வித்தியாசம் இல்லை. 35க்கு மேற்பட்ட பருமன்தான் குறைந்தது. கடையா, பாதுகாப்பா, மன அழுத்தமா, எது செய்த வேலை என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எடிசன் வாசகர்: உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 161 பவுண்டு. பி.எம்.ஐ. 26தான். பருமன் எல்லைக்கு வெகு கீழே இருக்கிறேன் அல்லவா?

அமெரிக்கப் பட்டியலில் ஆமாம். உங்கள் உயரத்துக்கு 30 என்ற கோடு 186 பவுண்டில் வருகிறது. ஆனால் இந்திய மருத்துவர்கள் 2009இல் ஒத்துக்கொண்ட அளவுப்படி 23 முதல் அதிக எடை, 25 முதல் பருமன். நம்மவர்களுக்கு அதே பி.எம்.ஐ.யில் வயிற்றுக் கொழுப்பு அதிகம், சர்க்கரை நோயும் முன்னதாகவே வருகிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2015 முதல் ஆசிய அமெரிக்கர்களுக்கு 23 என்ற எல்லையை வைத்துத்தான் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. உங்கள் உயரத்துக்கு அது சுமார் 142 பவுண்டு. ஆகவே இந்தியர்கள் நிறைந்த ஊர் பட்டியலில் கீழே இருந்தால், அங்கே சர்க்கரை நோயும் கீழே என்று பொருள் கொள்ளாதீர்கள்.

இடுப்பை அளந்து பாருங்கள். சட்டையைத் தூக்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, தரைக்கு இணையாகப் பிடித்து, இயல்பாக மூச்சை விட்ட பின் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது, டேப் சதையில் அழுந்தக் கூடாது. பேன்ட் அளவைச் சொல்வது உதவாது. பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எச்.பி.ஏ1சி என்னும் சர்க்கரை நோய் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். 5.7 முதல் 6.4 வரை முன் நீரிழிவு. ‘பி.எம்.ஐ. 26தானே’ என்று மருத்துவர் தள்ளிப்போட்டால், 23 என்ற எல்லையைச் சொல்லிக் கேளுங்கள்.

சான் ஹோசே வாசகி: தமிழ்நாட்டுப் பெண்களில் 40% பருமன் என்று படித்தேன். அமெரிக்காவும் 40%. இரண்டும் ஒன்றாகிவிட்டதா?

இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் வந்த 40.4%, 15 முதல் 49 வயதுப் பெண்களில் பி.எம்.ஐ. 25க்கு மேல் உள்ளவர்கள். அமெரிக்காவின் 40.3%, 20 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருவரிலும் 30க்கு மேல் உள்ளவர்கள். 25 என்ற அதே கோட்டை அங்கே போட்டால் நான்கில் ஏறக்குறைய மூவர் தாண்டுவார்கள்.

அட்லாண்டா வாசகர்: அமெரிக்காவின் பருமன் விகிதம் 41.9% என்று இருந்தது 40.3% ஆகிவிட்டதாமே, எடைக் குறைப்பு ஊசி மருந்துகளாலா?

41.9 என்பது 2017 முதல் 2020 மார்ச் வரையிலான அளவு. வித்தியாசம் பிழை வரம்புக்குள் இருக்கிறது, இறங்கிவிட்டது என்று இன்னும் சொல்ல முடியாது. எடைக் குறைப்புக்கென்று செமாக்ளூடைட் ஊசிக்கு அனுமதி கிடைத்ததே 2021 ஜூனில்தான். 40.3% வந்த அதே ஆய்வில் கடும் பருமன், அதாவது பி.எம்.ஐ. 40க்கு மேல், 9.4%.