மகள் ராக்கெட் பூஸ்டர் வேலைக்குப் போகலாமா?

அம்மா, ராக்கெட் பூஸ்டரைச் சோதிக்கும் வேலைக்குப் போக மகள் ஆசைப்படுகிறாள், "திடீரென்று வெடித்துவிட்டால் என் பெண்ணின் கதி?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள் என்று சும்மா சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பூஸ்டர் என்பது ராக்கெட் கிளம்பும்போது அதை மேலே உந்தித் தள்ளும் மோட்டார். திட எரிபொருள் பூஸ்டரைப் பற்றவைத்தபின் நிறுத்த முடியாது. தீரும்வரை எரிந்தே ஆகும். அதனால் பாதுகாப்பு வேலை முழுவதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அம்மோனியம் பெர்குளோரேட்டையும் அலுமினியத் தூளையும் ரப்பர் பசையில் குழைத்து, உறைக்குள் ஊற்றி இறுகவைப்பார்கள். அதில் ஒரு விரிசல் இருந்தால் தீ அதற்குள்ளும் புகும். எரியும் பரப்பு கூடும், அழுத்தம் ஏறும், உறையே பிளந்துவிடலாம். அந்த விரிசலை எக்ஸ்ரேயிலும் அல்ட்ராசவுண்டிலும் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் மகள் ஆசைப்படும் வேலை.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2003-இல் பிரேசிலின் அல்காந்தரா ஏவுதளத்தில் ஒரு திட மோட்டார் தானாகப் பற்றிக்கொண்டு 21 பேர் இறந்தார்கள். இப்படி ஆபத்து இருப்பதால்தான் எரிபொருள் கலவையைத் தொலைவிலிருந்தே இயக்கிக் கலக்குகிறார்கள். உடலில் சேரும் நிலைமின்சாரம்கூடப் பொறியாகிவிடக் கூடாதென்று அதைத் தரைக்குக் கடத்தும் காலணி போடுகிறார்கள்.

படிப்பா? இயந்திரவியல், வேதிப் பொறியியல், பொருளறிவியல், எதுவானாலும் சரி. அப்புறம் என்டிடி என்கிற, பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் முறைக்கான சான்றிதழ். ராக்கெட் வேலை கிடைக்காவிட்டாலும் விமானம், அணுமின் நிலையம், எரிவாயுக் குழாய் என்று எங்கும் அதற்குத் தேவை இருக்கிறது.

என் கவலை வேறு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் ஷட்டில் விண்கலம் கிளம்பிய 73-ஆவது நொடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். வலது பூஸ்டரின் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய், தீயைத் தடுக்கத் தவறியது. இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலியும் சக பொறியாளர்களும் முந்தின இரவே மன்றாடினார்கள், மேலிடம் கேட்கவில்லை. பிறகு மூட்டுக்குக் கூடுதலாக இன்னொரு வளையமும் ஹீட்டரும் வந்தன. 2011 வரை பறந்த ஷட்டில்கள் எதுவும் பூஸ்டரால் விபத்துக்குள்ளாகவில்லை.

"இன்றைக்கு வேண்டாம்" என்று பெரியவர்கள் முன்னால் சொல்ல அவளால் முடியுமா? அதைத்தான் நான் பார்ப்பேன். அவளுடைய ஆய்வக நோட்டை வாங்கிப் பாருங்கள். எதிர்பார்த்த விடை வராத நாளில் வந்த எண்ணை அப்படியே எழுதியிருக்கிறாளா, அழித்துச் சரிக்கட்டியிருக்கிறாளா? அப்படியே எழுதியிருந்தால் தைரியமாக அனுப்பி வையுங்கள்.